கிளமெண்ட் எண்ணாமல் விட்ட குரல்

கிளமெண்ட்டைப் போல நியாயம் பார்க்கிற ஆளை ஆரணியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதுவே வினையாகவும் போனது. பகலில் அரிசி மில்லில் கணக்கு எழுதுவார். சாயங்காலம் சர்ச் மைதானத்தில் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பார், சம்பளமில்லாமல்.

முன்பு இருந்த பயிற்சியாளர் சொந்தக்காரப் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்தார் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சு தன்மேலும் வந்துவிடுமோ என்ற பயத்தில் கிளமெண்ட் போனில் ஒரு ஆப் இறக்கினார். யார் எத்தனை பாஸ் கொடுத்தாள், எத்தனை முறை பந்தைப் பறித்தாள் என்று ஆட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார். "நம்பருக்கு சாதி கிடையாது, சொந்தம் கிடையாது" என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முள்ளிப்பட்டு நெசவுக்காரர் மகள் மதிவதனி தடுப்பாட்டக்காரி. வாய் ஓயாது. "லெஃப்ட்ல வர்றா பாரு", "பின்னாடி போடி, ஜல்தி" என்று கத்திக்கொண்டே இருப்பாள். பந்து அவள் காலுக்கு வருவது அபூர்வம். ஆப்பில் அவள் பெயர் கடைசியில் கிடந்தது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கொடுக்க ஒரு சென்னைக் கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மதிவதனியை வெளியே உட்கார வைத்தார் கிளமெண்ட். காரணம் கேட்டவளிடம் போனை நீட்டினார். பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அன்று மைதானத்தில் சத்தமே இல்லை. எதிரணி மூன்று கோல் போட்டது. கோல்கீப்பர் அமுதா அழுதாள். "நான் பந்தப் பாத்துகினு இருப்பேன் சார். யாரு எங்கேருந்து வர்றான்னு மதிதான் சொல்லிகினே இருப்பா."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் கத்திக் கத்தி ஆட்களை முன்னாடியே சரியான இடத்தில் நிறுத்திவிடுவாள். பந்தைப் பறிக்க வேண்டிய நிலைமையே வராது. ஆப் அதை எப்படி எண்ணும்?

கல்லூரிக்காரர்கள் வேறு இரண்டு பெண்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மறு வருஷம் வரவில்லை. மதிவதனி பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மனசு கேட்காமல் கிளமெண்ட் ஒருநாள் அந்தக் கடைக்கே போனார். "உன்ன உக்கார வச்சது என் தப்பும்மா. உன் படிப்பே போச்சு."

அவள் துணி மடித்தபடி சிரித்தாள். "விடுங்க சார். எங்க வீட்லயும் புடவைய எண்ணித்தான் கூலி. அம்மா நாள் முழுக்க நூல் சுத்திகினு இருக்கறத யாரு எண்றாங்க?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் சொன்னதையும் அவர் மேஜைமேல் சாய்ந்து, காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. வேலைக்கு இருக்கும் பெண்கள் கடையில் சத்தமாகப் பேசக் கூடாதாம்.