அன்னாசி வெட்டிய இரண்டு காலைகள்

குளுவாங் சந்தையில் இன்று காலை கடைக்காரர் எனக்கு அன்னாசி சீவிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. வேலையில்லாதோர் எண்ணிக்கை மறுபடியும் குறைந்துவிட்டதாம். அரசின் முயற்சிகளே காரணமாம். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எண்ணைத் தயாரிக்கும் இடத்திலேயே வேலை பார்த்தவன் அதைப் படிப்பது, சமையல்காரன் வேறொரு கடையில் சாப்பிடுவது மாதிரி. உள்ளே என்னவெல்லாம் போட்டிருப்பார்கள் என்று நாக்குக்குத் தெரிந்துவிடும்.

நான் இருந்தது வேலை தேடுவோர் பதிவு முகப்பில். பதிந்தவருக்கு ஓர் அட்டை. அதை அவ்வப்போது வந்து புதுப்பிக்க வேண்டும். வராதவர் அட்டையை ‘வேலை கிடைத்தவர்’ பெட்டிக்கு மாற்றிவிடுவோம். சிங்கப்பூர் போனவர், சலித்துப்போனவர், செத்துப்போனவர் எல்லாரும் அதில்தான். எங்கள் கணக்கில் வேலை கிடைக்காமல் யாரும் செத்ததில்லை. அந்தப் பெட்டிக்குப் பச்சைச் சாயம் அடிக்கலாம் என்று யோசனை சொன்னவனே நான்தான். மேலதிகாரி பாராட்டினார்.

அன்னாசி வாசம் வந்தால் எனக்குப் பார்வதி நினைவு வந்துவிடும். காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வேலை செய்த பலகைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், கணவர் படுக்கையில். அப்போது அரசு, தையல் ஆலைக்கு ஆள் பழக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பயிற்சி முடித்தால் வேலை உறுதி. ஆனால் வேலையில்லாதோர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் இடம்.

அட்டையைப் புதுப்பிக்க வந்தவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“போன வாரம் ஏதாச்சும் வேலை செஞ்சீங்களா?”

“செய்யாம? பெக்கான் நானாஸ்ல எங்க அக்கா வீட்டுக்காரரு காட்டுல ரெண்டு நாள் காலையில அன்னாசி வெட்டினேன். சும்மா குந்தியிருப்பேன்னு நெனச்சீங்களா சார்?”

தோட்டத்து மனிதர்களிடம் இதுதான் சிக்கல். ‘சும்மா இருக்கிறேன்’ என்பது அவர்களுக்குத் தங்களைத் தாங்களே வைதுகொள்வது. கோழிக்குத் தீனி போட்டதைக்கூட வேலை என்றே சொல்வார்கள். விதியோ, வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தவரையும் வேலையில் இருப்பவர் என்றது. நான் விதி தவறாதவன். பார்வதியின் அட்டை பச்சைப் பெட்டிக்குப் போனது.

பயிற்சிப் பட்டியலை ஒட்டிய அன்று அவர் வந்து நின்றார்.

“என் பேரு எங்க சார்?”

“உங்களுக்கு வேலை கிடைச்சிருச்சும்மா. அப்படித்தான் பதிவாயிருக்கு.”

“அப்படியா! எங்கன்னு சொல்லுங்க, நாளைக்கே போய்ச் சேர்றேன். பஸ்சு எத்தன மணிக்கு?”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். “அலமாக், சார் மாட்டிக்கிட்டாரு லா,” என்றார் ஒரு பெரியவர். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“திங்கக்கெழம பயிற்சி தொடங்குது. என் பேர எடுத்தவரு நீங்க, நீங்களே போடுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்,” என்று பார்வதியும் பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாள் கதவு திறக்கும் முன்பே வந்திருந்தார்.

பெயரைத் திரும்பச் சேர்க்கவும் ஒரு விதி உண்டு: வேலை முடிந்தது என்று முதலாளி கடிதம் தர வேண்டும். சொன்னதுதான் தாமதம், பெக்கான் நானாஸ் போய் வாங்கி வந்துவிட்டார். ‘கொழுந்தியாளுக்கு ரெண்டு நாள் வேலை குடுத்தேன். பழம் முடிஞ்சிருச்சு. மறுபடி பழுத்தா கூப்பிடுறேன்.’ அதைவிட நேர்மையான வேலைச் சான்றை நான் பார்த்ததில்லை.

மேலதிகாரி தயங்கினார். ஓர் அட்டையைத் திருப்பினால் மற்றவற்றையும் பார்க்க வேண்டிவரும், எண் ஏறிவிடும் என்றார்.

“ஏறட்டும் துவான்,” என்றேன். துவான், ஐயா என்று பணிந்தே பழகிய அவரிடம் நான் சொன்ன முதல் மறுப்பு அது.

மீதமிருந்த ஒரே இடத்தில் பார்வதியின் பெயர் ஏறியது. பிறகு பச்சைப் பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, ஒவ்வொருவருக்கும் உண்மையில் வேலை கிடைத்ததா என்று கேட்டுக் கடிதம் போட்டேன். அந்த மாதம் எங்கள் எண் ஏறியது, பாராட்டு வரவில்லை. பார்வதி ஓய்வு வயது வரை அந்த ஆலையில் தைத்தார்.

ஆலை இப்போது இல்லை. பயிற்சிக்கூடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. முகப்பும் போய், பதிவெல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. பட்டியலிலிருந்து ஒரு பெயர் விழுந்தால் ஓசையில்லாமல் விழுகிறது. எதிரே வந்து நின்று கேட்க ஆள் இருந்ததால்தான் நான் திருத்தினேன். இப்போது யாருடைய காது சூடாகும்?