பின் சீட்டு இன்ஸ்பெக்டர்

எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு ஒரே ஒரு கொள்கைதான். பிரேக் போடும்போது பின் சீட்டில் இருக்கும் நாய் கீழே விழக்கூடாது. விழுந்தால் நமக்கு வண்டி ஓட்ட வரவில்லை. பாடத்திட்டம் அத்தோடு முடிந்தது. பெயர்ப்பலகையில் என்னவோ 'விஞ்ஞான முறைப் பயிற்சி' என்று எழுதியிருந்தார். அந்த விஞ்ஞானம் பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்து, பின்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் தனியாக விட்டால் ஊளையிட்டுத் தெருவையே கூட்டுகிறது என்று குட்டியாக இருந்தபோதே வண்டியில் ஏற்றிக்கொண்டாராம். அப்போதிலிருந்து எல்லாப் பாடத்துக்கும் அது ஆஜர். நாங்கள் அதை 'இன்ஸ்பெக்டர்' என்போம். மாஸ்டர் 'சனியன்' என்பார். சனியனுக்கு சீட்டில் போர்வையை நாலாக மடித்துப் போட்டுவிட்டுத்தான் எங்களை ஏறவிடுவார். போர்வையைத் துவைப்பது மனைவி என்று சொல்லிக்கொள்வார். அந்த அக்காவோ, "நான் எங்கம்மா துவைக்கிறேன்? என் புடவையோட போட்டாக்கூட போர்வை நாறும்னு தனியா ஊறவைக்கிறாரு" என்று என்னிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வாலிபமாக இருந்த காலத்தில் கொள்கை நன்றாகவே வேலை செய்ததாம். நாலு காலையும் ஊன்றி நிற்குமாம். நாம் அடித்துப் பிடித்து பிரேக் போட்டால்தான் ஆடுமாம். பத்துப் பேர் தேர்வுக்குப் போனால் ஒன்பது பேர் லைசென்ஸோடு வருவார்கள். ஆனால் நாய்க்கு வயதாகும் அல்லவா? எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் மாஸ்டருக்கு மட்டும் தெரியவில்லை. பதினாலு வயதில் அதன் பின்னங்கால்கள் தொய்ந்துவிட்டன. நாம் மூச்சு விட்டாலே சரிந்தது. அது சரியாமல் இருக்க, நாங்கள் எல்லோரும் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்து சேர்ந்தோம். பள்ளியின் தேர்ச்சி கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை ஆயிற்று.

அந்தக் கட்டெறும்புகளில் நானும் ஒருத்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாலு தடவை தேர்வில் தோற்றவள். நாலாவது தடவை தேர்வு அதிகாரி, "ஏம்மா, வண்டி ஓட்டுறீங்களா, ஊர்வலம் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு பாதியிலேயே இறங்கிக்கொண்டார்.

அன்றைக்கு மாஸ்டரிடம் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். "சார், தப்பு எங்க மேல இல்ல. நாய்க்கு வயசாயிடுச்சு. அதான் விழுது."

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாருக்கு வயசு? அவனுக்கா? கல்லுக்குண்டாட்டம் இருக்கான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கண்ணாடிக் கடையில வேலை, எதிர்ல வர்ற லாரி மட்டும் கண்ணுக்குத் தெரியாது!"

கல்லுக்குண்டு அப்போது சீட்டில் ஏற முடியாமல் முன்னங்கால்களை மட்டும் படியில் வைத்துக்கொண்டு நின்றது. மாஸ்டர் என்னைத் திட்டிக்கொண்டே அதன் பின்பக்கத்தைத் தூக்கி உள்ளே வைத்தார். திட்டுவதையும் நிறுத்தவில்லை, தூக்கியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணிப் பாடத்துக்குப் போனேன். அவர் வீட்டின் முன்னறைதான் பள்ளி. சாலைக் குறியீட்டுப் படங்கள் மாட்டிய சுவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர் படுத்திருந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. அக்கா ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா தண்ணிகூட இறங்கல. நேத்தே டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னேன். வெயிலுக்குச் சோர்ந்திருக்கான்னு சொல்லிட்டாரு" என்றார்.

மாஸ்டர் நாயைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார். ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே கிளட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், சொந்தப் பெயர்ப்பலகைக்கு எதிரிலேயே மூன்று தடவை வண்டியை அணையவிட்டார். அவர் என் மேல் கொட்டிய வசவையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பித் தர அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

இறங்கி வந்து சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டும்மா."

அவர் பின்னால் ஏறி, நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கால்நடை மருத்துவமனை ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அவசரம் என்று நான் வேகமெடுத்தேன். மேம்பாலத்தை விட்டு இறங்கும்போதுதான் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"மெதுவாப் போம்மா."

குறைத்தேன்.

"இன்னும் மெதுவா."

என் வாழ்நாளில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, என் குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் விசாரித்துவிட்டுப் போனார். நான் எல்லா சிக்னலிலும் பூப்போல பிரேக் போட்டேன். ஒரு தடவைகூட வண்டி குலுங்கவில்லை.

மருத்துவர் வண்டிக்கே வந்து பார்த்தார். கழுத்தில் கை வைத்தார். "போயி கொஞ்ச நேரம் ஆயிடுச்சே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் மெதுவா ஓட்டினதுதான் காரணமா டாக்டர்?"

"இல்லம்மா. வயசு. நீங்க பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

"பாலத்து மேலயே போயிட்டான்" என்றார் மாஸ்டர்.

"அப்புறம் ஏன் சார் மெதுவா போகச் சொன்னீங்க?"

என்னை ஒரு மக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வேகமாப் போனா விழுந்துடுவான்ல?"

ஒரு வாரம் பள்ளியைத் திறக்கவில்லை. அந்த வாரத்தில்தான் எனக்கு ஐந்தாவது தேர்வு வந்தது. அதிகாரி என்னை அடையாளம் கண்டு, வாட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் சாலையில் போகும் மற்றவர்களைப் போலவே ஓட்டினேன். குறுக்கே ஒரு சைக்கிள் வந்ததும் அடித்துப் பிடித்து பிரேக் போட்டேன். அனிச்சையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பாஸ்.

தேர்ச்சிக் காகிதத்தை மாஸ்டரிடம் காட்டப் போனேன். முன்னறையில் போர்வை துவைத்து, நாலாக மடித்து, நாற்காலியில் இருந்தது. காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பிரேக் எப்படிப் போட்ட?"

"பலமாத்தான் போட்டேன் சார்" என்றேன், வசவுக்குத் தயாராக.

அவர் திட்டவில்லை. காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இனிமே போடலாம்மா" என்றார்.