இடப்பக்கம் அரசியலமைப்பு, வலப்பக்கம் வரலாறு

இன்று காலை செல்போனில் ஒரு பேனரின் படம் வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் ‘எப்படிப் படிப்பது’ என்று நான் பேச வேண்டுமாம். அடுத்த வாரம், இங்கே புதுக்கோட்டையிலேயே ஒரு பயிற்சி மையத்தில். என் பழைய போட்டோவைப் போட்டிருந்தார்கள், தலையில் முடி இருந்த காலத்துப் போட்டோ. அதுவரைக்கும் சந்தோஷம்தான். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘படுத்த படுக்கையான தாய் என்ற தடையைத் தாண்டி வென்றவர்.’

தடையாம். எங்கள் அம்மாவா தடை?

எனக்குக் கோபம் வந்தால் மூக்கில் முகப்பவுடர் வாசனை அடிக்கும். சிரிக்காதீர்கள், நிஜம்தான். என் வாழ்க்கையில் நான் மிக அதிகமாகக் கோபப்பட்ட இரண்டரை வருஷமும் அந்த வாசனைக்குள்தான் கழிந்தது. அம்மாவுக்கு ஈரத்துண்டால் உடம்பு துடைத்து, முதுகில் பவுடர் போட்டுவிடுவேன். மடிப்பு மடிப்பாகப் பார்த்துப் போட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன்.

அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கப் போய் வந்தாள். கொட்டையிலிருந்து வழியும் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போயிற்று. பேச்சில் இரண்டே வார்த்தைகள் மிஞ்சின. ஒன்று ‘இல்லே’. இன்னொன்று ‘அப்பறம்’.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா திருப்பிப் படுக்க வையுங்க தம்பி. மறந்தீங்கன்னா முதுகெல்லாம் புண்ணாயிரும்.”

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. காலையில் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா பார்த்துக்கொள்வார், மத்தியானத்திலிருந்து நான் என்று ஏற்பாடு. முதலாளியும் அரை நாள் வேலைக்குச் சம்மதித்தார். இதெல்லாம் எங்கள் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி, கொடும்பாளூர்க்காரர். கெட்ட மனுஷர் இல்லை. வரும்போதெல்லாம் அக்காவுக்கு இளநீர் கொண்டுவருவார். கூடவே எனக்கு ஒரு யோசனையும் கொண்டுவருவார்.

“மாப்ள, துபாய்க்கு விசா தயாரா இருக்கு. அதுக்கு முன்னாடி நார்த்தாமலைப் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்கேன். கட்டிக்க. அக்காவ அது பாத்துக்கிரும். ஆம்பளப் புள்ள அம்மாவுக்குத் துணி மாத்திவிடுறியாமே, ஊரே சிரிக்குது.”

“சிரிக்கிறவுகள இங்கிட்டு வந்து ஒரு நாளைக்குத் தூக்கிப் படுக்க வைக்கச் சொல்லுங்க மாமா. படுத்திருக்கிற மாமியாரப் பாத்துக்கத்தான் கட்டிக்கிட்டுப் போறோம்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“அதெல்லாமா சொல்லுவாக?”

“சொல்லாமக் கட்டுனா அது ஏமாத்து. எனக்குப் பொண்டாட்டி வேணும்னா கேக்குறேன். நர்ஸ் வேணும்னு பொண்ணு தேடாதீங்க. விசாவையும் வேற யாருக்காச்சும் குடுங்க.”

நான் பெரிதாக ஏதோ சாதித்துவிட்டவன்போல நிமிர்ந்து நின்றேன். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“அப்பறம்?”

அம்மாதான். வசனம் பேசினாயே, அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். சத்தியமாக எனக்கு எந்த உத்தேசமும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “அப்பறம்... கவர்மெண்டு வேலைக்கு குரூப் ஃபோர் பரீட்சை எழுதப் போறேன்.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு கையில பீச்சட்டி, ஒரு கையில புத்தகமா? ரெண்டும் வெளங்காது மாப்ள. தோத்துட்டு வா, அப்ப பேசிக்கிருவோம்.”

அவ்வளவுதான். தோற்றால் துபாய், முகம் தெரியாத ஒரு பெண்ணின் கையில் அம்மா. ஜெயித்தால் என் இஷ்டம்.

படிக்க நேரம் எங்கே என்று தேடினேன். அம்மாவின் முதுகே அட்டவணை போட்டுக் கொடுத்தது. இரண்டு மணிக்கு இடப்பக்கமாக, ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் படுக்க வைப்பேன். நாலு மணி வரை அரசியலமைப்பு. நாலு மணிக்கு வலப்பக்கமாக, பீரோவைப் பார்த்து. ஆறு மணி வரை வரலாறு. அதன்பின் மல்லாக்க, அது கணக்கு நேரம். ஜெராக்ஸ் கடையில் வீணாகிற தாள்களின் பின்பக்கம்தான் என் நோட்டு.

முதலில் புத்தகத்தை அப்படியே சத்தமாக வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சரி, கதையாகச் சொல்லுவோம் என்று தொடங்கினேன். “ஒரு மாநிலத்துல ஆட்சி சரியா நடக்கலேன்னு வச்சுக்கம்மா. டெல்லிக்காரவுக கலைச்சுட்டு ஜனாதிபதி ஆட்சின்னு கொண்டாந்துருவாக.”

“அப்பறம்?”

“ஆறு மாசத்துக்கு அவுக ஆட்சி.”

“அப்பறம்?”

அதற்குமேல் எனக்குத் தெரியாது. எழுந்துபோய்ப் புத்தகத்தைப் பார்த்தால், நீட்டிக்கலாம், அதிகபட்சம் மூன்று வருஷம் என்றிருந்தது. அந்தப் பக்கத்தை நான் நாலு தடவை அடிக்கோடிட்டுப் படித்தவன்! என் மண்டையில் எது இருக்கிறது, எது இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்த ஒற்றை வார்த்தை காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்த ஊர் என்றால் அவளுக்கு ரோஷம் வேறு. கொடும்பாளூர் மூவர் கோயில் பாடம் வந்தபோது, “அங்க மூணு கோயில் இருக்கு” என்றேன். “இல்லே” என்று இடது கையை எடுத்து இரண்டு விரலைக் காட்டினாள். மூன்றாவது கோயிலுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். அந்தக் கல்லின் மேல் ஓடி விளையாடியவளிடம் நான் கைடு பார்த்துக் கதை விட்டிருக்கிறேன்.

என்னைப் புண்ணியவான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் வட்டிக் கணக்கு வராத எரிச்சலில், “கொஞ்சம் சும்மா கெடம்மா!” என்று கத்திவிட்டேன். அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. எனக்கும் அன்று ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அதை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேர்வு அறையில் ஒரு கூத்து நடந்தது. வரலாற்றுக் கேள்வி ஒன்றுக்கு விடை தொண்டை வரை வந்து நின்றது. அந்தப் பாடம் சொன்னபோது அம்மா எந்தப் பக்கம் படுத்திருந்தாள் என்று யோசித்தபடி, என்னையறியாமல் நானும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறேன். கண்காணிப்பாளர் ஓடி வந்தார். “தம்பி, அங்கிட்டு என்ன எட்டிப் பாக்குறீங்க? நேரா ஒக்காருங்க.” நேராக உட்கார்ந்தால் எனக்குக் கணக்குதான் வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

ஜெயித்தேன். மாமா இளநீரோடு வந்தார், இந்தத் தடவை யோசனை ஏதும் கொண்டுவரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, “பாஸ் பண்ணிட்டேம்மா” என்றேன். கோணிய வாயோடு சிரித்துவிட்டுக் கேட்டாள், “அப்பறம்?”

உள்ளூரிலேயே வேலை கிடைத்தது. நான் சேர்ந்த நாலாவது மாதம் அம்மா போய்விட்டாள். கடைசியாக ஈரத்துண்டால் உடம்பு துடைக்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். முந்திரிக் கறை எப்போதோ போய், நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் குரூப் டூ எழுதினேன். திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை, துணி அலச வேண்டியதில்லை, புது மேசை, புது விளக்கு, எடுத்த லீவெல்லாம் எனக்கே. தோற்றேன். கொஞ்சநஞ்சமாக இல்லை, கேவலமாகத் தோற்றேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் பயிற்சி மையத்துக்குப் போன் போட்டேன். அந்தத் தம்பி பணிவாகத்தான் பேசினார்.

“தடைன்னு போட்டாத்தான் சார் பசங்களுக்கு ஒரு மோட்டிவேசன்.”

“அப்ப நான் வரலைங்க.”

“வேற என்ன சார் போடுறது?”

“அம்மா இருந்தப்ப பாஸ், அம்மா போனதும் பெயில்னு போடுங்க.”

“பெயிலானதப் போயி யாராச்சும் பேனர்ல போடுவாங்களா சார்?”

“போட்டா வாரேன்” என்று வைத்துவிட்டேன். இதுவரை பதில் இல்லை. வராவிட்டாலும் போகட்டும்.

திருக்கோகர்ணத்தில் நாங்கள் குடியிருந்த அந்த வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். கட்டிலைப் பாக்கியம் அக்கா கேட்டார், கொடுத்துவிட்டேன். இப்போது என் வீட்டில் படிப்புக்குத் தடை என்று எதுவுமே கிடையாது. கதவைச் சாத்தினால் தெருச் சத்தம்கூட வராது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ‘அப்பறம்?’ என்று கேட்க ஆள் இல்லை.