தகரத்துக்கு மேலே கிடுகு

பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தின் தகரக் கூரைக்கு, வெக்கையைக் குறைக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துச் சோதிக்க ஏறினேன். வெயிலில் தகரம் 'டக்' என்று வெடித்த சத்தம் என்னை எங்கடை பழைய வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டது.

கூரையில் கிடந்த தென்னோலைக் கிடுகைக் கழற்றிவிட்டு அப்பா ஆசையாய்த் தகரம் போட்ட வருசம்தான் தங்கச்சி பிறந்தாள். மத்தியானத்தில் வீடு கொதிக்கும். பிள்ளை வீரிட்டு அழுவாள்.

"இஞ்சாருங்கோ, மேலை கொஞ்சம் கிடுகு போடுங்கோவன்," என்று அம்மா கெஞ்சினா.

"தகரத்துக்கு மேலை கிடுகோ? சனம் சிரிக்கும்!"

ஒருநாள் அழுகை நின்றுவிட்டது. பிள்ளை துவண்டு கிடந்தாள். தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில்தான் உயிர் தப்பினாள். வீடு திரும்பிய அன்றே அப்பா கிடுகோடு கூரையில் ஏறினார்.

"உள்ளுக்கை இப்ப எப்பிடி?" என்று மேலேயிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"கத்தாதேங்கோ. பிள்ளை நித்திரை."

எத்தனையோ கூரைகளை வெப்பமானி வைத்து அளந்துவிட்டேன். அதைவிட நல்ல பெறுபேறு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.