றைஸாவின் அறுபது தினார்

றைஸா அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தபோதுதான், தன்னோடு ஒரே அறையில் படுத்தெழும்புகிற ஜோவிக்கு மாதம் நூற்றிருபது தினார் சம்பளம் என்பது தெரியவந்தது. அவளுக்கு அறுபது.

யாரும் ஒளித்து வைத்த விஷயமில்லை அது. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் குசினியில் நின்று மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோவி பிலிப்பைன்ஸ்காரி. மூன்று பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வந்தவள். மூத்தவளின் படிப்புக்கு இருநூற்று நாற்பது தினார் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வேலைக்காரர்களின் உடைந்த அரபியில் சொன்னாள்.

"நாலு மாதச் சம்பளமா?" என்றாள் றைஸா.

"இரண்டு மாதச் சம்பளம்."

மீனின் செதில்கள் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

ஜோவிக்குச் சமையலும் துணியும். றைஸாவுக்கு வீட்டுக்கார மெடத்தின் தாய். எழும்ப முடியாத கிழவி. துடைப்பது, பம்பஸ் மாற்றுவது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பது, கரண்டியால் ஊட்டுவது எல்லாம் றைஸாவின் பொறுப்பு. இரண்டில் எது பாரமான வேலை என்று கேட்டால் ஜோவியே சொல்லிவிடுவாள்.

றைஸா மன்னார்த் தீவில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் ஊரைக் காலிபண்ண வேண்டும் என்று இயக்கம் கெடு வைத்தபோது அவளுக்கு எட்டு வயது. வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கி, பாலாவிப் பக்கம் ஒரு முகாமில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தாள். பதினைந்து வயதில் உப்பளத்தில் கூடை சுமக்கப் போனாள். இருபதில் கலியாணம், இருபத்தாறில் தலாக். பிள்ளையில்லை. யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். அதற்குள் வாப்பா மௌத்தாகியிருந்தார். மன்னாரில் இருந்த காணி பற்றை மூடிப் போயிருந்தது. திரும்பிப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான் உம்மாவுக்கு வாதம் அடித்து வலப்பக்கம் முழுக்க விழுந்துபோனது.

உப்பளத்தில் நாட்கூலி நானூற்றைம்பது ரூபாய். மழை பெய்தால் அதுவும் இல்லை. மருந்து வாங்கினால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சாது, வீட்டுக்குச் செலவழித்தால் மருந்து வாங்க முடியாது. அதனால் இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, பக்கத்து வீட்டு முஃப்லிஹாவிடம் உம்மாவை ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்கு வெளிக்கிட்டாள். முஃப்லிஹா அவளைவிட ஒரு வயது இளையவள், மூன்று பெண்பிள்ளைகளின் தாய். அவளுடைய புருஷன் மஸாஹிர் சீமெந்து லொறிகளில் மூட்டை ஏற்றுகிறவன். மாதம் ஆறாயிரம் தருகிறேன் என்று றைஸா சொன்னபோது முஃப்லிஹாவின் முகம் மலர்ந்துவிட்டது. வெயிலில் நிற்காமல், வீட்டு வாசலைத் தாண்டாமல் ஆறாயிரம்.

மீன் துப்புரவாக்கிய மறுநாள், மெடம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து றைஸா போய் நின்றாள். சொல்ல வந்ததை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். மெடம் கெட்ட மனுஷியல்ல. பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பாள், சம்பளத்தை ஒரு நாளும் பிந்தவிட்டதில்லை. றைஸா கேட்டதற்கு அவள் கோபப்படவுமில்லை.

"அவளுடைய நாட்டுக்கு அதுதான் ரேட். உன்னுடைய நாட்டுக்கு இதுதான் ரேட். நானா போட்டேன்?" என்றாள். "ஏஜென்சியில் ஒரு தாள் இருக்கிறது. நாடு நாடாக எழுதி வைத்திருக்கிறார்கள். உனக்குக் கீழே இன்னும் இரண்டு நாடு இருக்கிறது, தெரியுமா?"

றைஸாவுக்குத் தெரியாது. அந்த இரண்டு நாட்டுப் பெண்களையும் நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

மெடத்தின் மகள் நூறா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். பேச்சைக் கேட்டிருக்கிறாள் போல. பின்னேரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிழவியின் அறைக்கு வந்து, றைஸாவைப் பக்கத்தில் இருத்தினாள். மாதச் சம்பளத்தையும் நாட்டையும் போட்டால், உலகத்து மனுஷர்களின் வரிசையில் நீ எத்தனையாவது இடத்தில் நிற்கிறாய் என்று சொல்கிற பக்கம் ஒன்று இருக்கிறதாம். அறுபது தினாரைப் போட்டாள். கோடு ஒன்று ஏறிப் பாதியைத் தாண்டி நின்றது.

"பார், உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட ஆட்கள் உனக்குக் கீழே" என்றாள் நூறா. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிறகு, படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற தன்னுடைய மாதக் காசைப் போட்டுப் பார்த்தாள். கோடு இன்னும் ஏறி, உச்சிக்குக் கிட்டப் போய் நின்றது. நூறா சட்டென்று கணினியை மூடிவிட்டாள்.

கிழவியைப் புரட்டுகிற நேரமாகிவிட்டிருந்தது. றைஸா எழும்பினாள். இவ்வளவு காலமும் எல்லோருக்கும் அடியில் தான்தான் கிடக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அப்படி நினைப்பதில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது; அதற்குக் கீழே போக இடமில்லை என்கிற ஆறுதல். இப்போது அதுவும் இல்லை. பாதி உலகத்துக்கு மேலே நிற்கிற ஒருத்திக்குக் கால் இப்படியா உளையும் என்று நினைத்துக்கொண்டு கிழவியின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

பதினைந்தாம் ஆண்டு, இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தாள். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது கல்வீடு எழும்பியிருந்தது. பூச்சு இன்னும் பூசவில்லை. வந்ததும் உம்மாவைப் புரட்டி முதுகைப் பார்த்தாள். நாலு வருஷமாகப் படுத்தே கிடக்கிற உடம்பு. ஒரு புண் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. தொழில் தெரிந்தவள் என்பதால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கு விளங்கியது. முஃப்லிஹாவுக்குத் தனியாகக் கொண்டுவந்த கறுப்பு அபாயா அங்கியைக் கொடுத்தபோது றைஸா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒரு கிழமை கழிந்திருக்கும். முஃப்லிஹா உம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். றைஸா கதிரையில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்களே."

"கேளேன்."

"அங்க நீங்களும் ஒரு கிழவியத்தான் பாக்கிறீங்க என்ன?"

"ஓம்."

"கழுவிறது, பம்பஸ் மாத்திறது, தீத்திறது?"

"எல்லாந்தான்."

முஃப்லிஹா உம்மாவின் முடியை இரண்டாகப் பிரித்தாள். "நானும் அதத்தானே செய்றன். உங்களுக்கு இருவத்தேழாயிரத்துக்கிட்ட விழுதாம், மஸாஹிர் சொன்னாரு. எனக்கு ஆறு. எப்பிடி அது இவ்வளவு வித்தியாசம் எண்டு விளங்கல்ல. சண்டைக்குக் கேக்கல்ல ராத்தா. விளங்காமத்தான் கேக்கிறன்."

"இங்கத்தைய கூலி அதுதானே முஃப்லிஹா" என்றாள் றைஸா. "நானா போட்டன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. மெடத்தின் வார்த்தைகள். அரபியில் கேட்டதைத் தன் வாயாலேயே தமிழில் சொல்லியிருக்கிறாள்.

"ஓம், அதும் சரிதான்" என்றாள் முஃப்லிஹா. அவளுடைய குரலில் ஒரு குறையும் இல்லை. திரும்பவும் சீப்பை எடுத்துக்கொண்டாள். அவள் கோபித்திருந்தால் றைஸாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க றைஸாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. சம்பளத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று யோசித்தாள். யோசனை பூசாத சுவர் வரைக்கும் போனது, உம்மாவின் மாத்திரை வரைக்கும் போனது, வயது போன பிறகு தன்னைப் பார்க்க ஒரு பிள்ளைகூட இல்லையே என்கிற இடத்துக்குப் போனது. அதற்கு மேலே கொண்டுபோக அவளுக்குத் துணிவு வரவில்லை. மறுநாள், இனிமேல் பத்தாயிரம் தருகிறேன் என்றாள். முஃப்லிஹா அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

குவைத்துக்குத் திரும்பியதும் மெடத்திடம் எண்பது கேட்டு எழுபது வாங்கினாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பதினேழாம் ஆண்டு நோன்பு முடிந்த கையோடு முஃப்லிஹா போனில் கூப்பிட்டாள்.

"ராத்தா, மஸாஹிருக்கு நாரிய நிமிர்த்த ஏலா. டொக்டர் மூட்டை தூக்க வேணாம் எண்டுட்டார். மூத்தவளுக்கும் கலியாணப் பேச்சு வந்திரிக்கி. நானும் வெளிநாடு போகப் போறன்."

"எங்க?"

"குவைத்துக்குத்தான். புதுசாப் போறாக்களுக்கு எம்பது தினாராம்."

ஆறு வருஷம் வேலை செய்த றைஸாவுக்கு எழுபது. அதை அவள் முஃப்லிஹாவிடம் சொல்லவில்லை. "போ, போயிட்டு வா. அல்லாஹ் லேசாக்குவான்" என்றாள். நெஞ்சில் பொறாமை இருந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருந்தது. ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கத் தெம்பு இருக்கவில்லை.

உம்மாவைப் பார்க்க வேறு ஆள் தேடினாள். நம்பி விடக்கூடிய ஒருத்தி இருபத்தையாயிரம் கேட்டாள். அவ்வளவு கொடுத்தால், இங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்கிற கிழவிக்குக் காசு கட்டுகிற கதைதான். கையில் நிற்கப்போவது சொற்பம். தூரத்திலிருந்து அந்தச் சொற்பத்தைச் சேர்ப்பதைவிட வீட்டுக்குப் போவது மேல் என்று முடிவெடுத்தாள். மெடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆனாலும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஜோவி தன்னுடைய நல்ல சப்பாத்து ஒரு சோடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கிழவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளிக்கிடுகிற அன்று காலையிலும், றைஸாவைக் கண்டதும் வழமைபோல வாயைத் திறந்து காத்திருந்தாள்.

ஊருக்கு வந்த றைஸா மறுபடியும் உப்பளத்துக்குப் போனாள். விடிய எழும்பி உம்மாவைக் கழுவித் துடைத்து, பாண் துண்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டிவிட்டுப் போவாள். பகல் இடைவேளையில் ஓடி வந்து புரட்டிவிட்டு, உடுத்த உடுப்போடு திரும்பி ஓடுவாள். நாட்கூலி ஆயிரமாகியிருந்தது. அதையும் கொண்டு சமாளிக்கப் பழகிய நேரத்தில் கொரோனா வந்தது. அது அடங்கியதும் இருபத்திரண்டாம் ஆண்டு வந்தது.

அந்த வருஷம் ரூபாய் விழுந்தது. ஐந்நூறு அறுநூறு என்று மாற்றிய தினார் ஆயிரத்து நூறைத் தாண்டியது. முஃப்லிஹாவின் அதே எண்பது தினார், மஸாஹிரின் கைக்கு வரும்போது லட்சத்துக்குக் கிட்ட வந்தது. உப்பளத்தில் கூலியை ஆயிரத்தைந்நூறு ஆக்கினார்கள். ஆனால் அரிசியும் மாவும் இரண்டு மடங்காகிவிட்டன. சமையல் காஸ் வாங்க வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, உம்மாவின் மாத்திரை ஆஸ்பத்திரியில் இல்லை. றைஸா வேலையைக் குறைக்கவில்லை. முஃப்லிஹா ஒரு மணித்தியாலம் கூடுதலாக உழைக்கவுமில்லை. ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை யாரோ ஆழக் கிண்டி அகலமாக்கிவிட்டது போல இருந்தது. மஸாஹிர் மேல்மாடிக்குக் கம்பி கட்டத் தொடங்கினான்.

புரட்டாதியில் முஃப்லிஹா லீவில் வந்தாள். வந்த இரண்டாம் நாளே பால்மாப் பெட்டியும் சவர்க்காரமும் ஒரு பை நிறையப் பம்பஸுமாக றைஸாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். உடம்பு கொஞ்சம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. றைஸாவுக்கு அந்தக் கறுப்பைத் தெரியும்.

"எப்பிடி வீட்டாக்கள்?"

"நல்லவங்கதான். ஆறு பிள்ளைங்க. எந்த நேரமும் சத்தம்." முஃப்லிஹா கதிரையில் சாய்ந்தாள். "எங்க வீட்டுல இந்தோனேசியாக்காரி ஒருத்தி இருக்கா ராத்தா. அவட சம்பளத்த நான் கேக்கவே இல்ல."

"கேக்காத."

முஃப்லிஹா உம்மாவின் அறையை எட்டிப் பார்த்தாள். "நீங்க வேலைக்குப் போனா இப்ப ஆரு பாக்கிற?"

"ஆரு பாக்கிற. நான்தான். ஓடி ஓடி."

"இண்டைக்கும் போனீங்களா?"

"இண்டைக்கு லீவு. குளிக்க வாக்கணும் அவவ. தண்ணி சுட வைக்க விறகு பாத்துக்கிட்டிருந்தன்."

முஃப்லிஹா எழும்பி, புது அபாயாவைக் கழற்றிக் கதவில் கொழுவினாள். அலுமாரியைத் தானே திறந்து பழைய துவாயை எடுத்தாள். அது எந்தத் தட்டில் இருக்கும் என்று அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. உம்மா அவளுடைய குரலைக் கேட்டு இடக்கையை மெல்ல உயர்த்தினாள். றைஸா உதவிக்குக் கிட்டப் போனபோது முஃப்லிஹா அவளைத் தோளில் பிடித்து வெளியே திருப்பிவிட்டாள்.

"நீங்க கொஞ்சம் படுங்க ராத்தா."

"வேணாம், நீ லீவுல வந்த புள்ள."

"படுங்களேன்."

வாதாட றைஸாவுக்கு ஏலவில்லை. முன்னறையில் பாயை விரித்து, கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், முஃப்லிஹா உம்மாவோடு ஏதோ கதைக்கிற சத்தமும் கேட்டன. பகலில் படுத்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைக்கத் தொடங்கினாள். அதை நினைத்து முடிக்கவில்லை.

விழித்தபோது பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. முஃப்லிஹா போய்விட்டிருந்தாள். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, கழுத்தடியில் பவுடர் வெள்ளையாகத் தெரிய, நித்திரையாக இருந்தாள். அடுப்பில் சோற்றுப்பானை மூடிக் கிடந்தது. றைஸா மூடியைத் திறந்து பார்த்தாள். முஃப்லிஹா இரண்டு பேருக்கு ஆக்கியிருந்தாள், உம்மாவுக்கும் றைஸாவுக்கும்.