தொடக்கூடாத மூக்கு

ஹனோவரில் ஓர் ஓவியக்கூடத்தில் நான் காவலுக்கு இருப்பவள். போன மாரிக்காலத்தில் என் அறைக்கு வந்து சேர்ந்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒல்லாந்துக் கேலிச்சித்திரங்கள். அத்தனையும் பெண்கள். ஒருத்தியின் தாடை மார்புவரை தொங்கியது. ஒருத்தியின் பாவாடைக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். வாசல் தேய்க்கும் வேலைக்காரிக்கு வாளியைவிடப் பெரிய பின்பக்கம். வரைந்த ஐயாமார் எல்லாரும் மன்மதர்கள் போலிருக்கிறது, ஒருவரும் தன்னைக் கீறிவைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டியவர்களின் வாரிசுகள் தங்கள் வீட்டுப் பெண்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

மூலையில் ஒரு மேசை, தாள், பென்சில். வருகிறவர்களும் கேலிப்படம் கீறிச் சுவரில் குத்தலாம். சிவப்புக் கண்ணாடி போட்ட கிழவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கீறினார். மூக்கு கத்தரிக்காய், மூக்குத்தி மின்குமிழ், சீருடைப் பொத்தான்கள் தெறித்துப் பறக்கின்றன. குத்திவிட்டு நன்றியும் சொல்லிப் போனார். எனக்குப் பற்றி எரிந்தது.

அதைக் கழற்றச் சொல்லி மேலாளரிடம் ஓடினேன். அந்த அம்மா சிரித்தார். சுவரில் தொங்கினால் அது காட்சிப்பொருள், கண்காட்சி முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது, நீங்களும்தான் என்றார். ஆக, என் மூக்கைத் தொட வந்தவர்களை ஜேர்மன் மொழியில் தடுத்ததும் நானேதான். வெட்கக்கேடு!

ஞாயிறு என்னைக் கூட்டிப்போக வந்த என் மனுசனாவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

"அச்சொட்டா நீர்தான்! அந்த மூக்கைப் பாருமன்!"

படமெடுத்துக் குடும்பக் குழுவுக்கும் அனுப்பினார். கனடாவில் இருக்கும் என் சொந்தத் தங்கையே விழுந்து விழுந்து சிரித்தாள். மானம் கப்பலேறிவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவருக்கு முன்னால் அழுவேனா?

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் பென்சிலை எடுத்தேன். எனக்குக் கீறத் தெரியாது, ஆனால் இருபத்தாறு வருடம் பார்த்த முகம். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு இழுத்து ஒட்டிய ஐந்து மயிர், இடுப்புச் சாரத்துக்கு மேலே வழியும் வண்டி வயிறு, குறட்டையில் பிளந்த வாய். என் மூக்குக்குப் பக்கத்திலேயே குத்தினேன்.

அடுத்த ஞாயிறு, கூடக் காட்ஸ் விளையாடும் இரண்டு பேரை அவர் கூட்டிவந்தார், என் மூக்கைக் காட்டத்தான். அவர்கள் மூக்கைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தார்கள்.

"ஐயோ அண்ணை, இது நீங்களெல்லோ!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனுசனின் முகம் கறுத்துவிட்டது.

"இஞ்சாரும், உந்தப் படத்தைக் கழட்டும்!" என்று கையை நீட்டினார்.

நான் கதிரையிலிருந்து எழும்பினேன்.

"ஏலாதப்பா. சுவரில தொங்கினால் தொடக்கூடாது. கையை எடுங்கோ. கண்காட்சி முடிய இன்னும் மூண்டு கிழமை இருக்கு."