மூக்கண்ணனும் பதினோராவது நிமிஷமும்

ஆண்டவன் மூக்கண்ணனுக்கு மூக்கைச் சற்றுத் தாராளமாகவே அளந்துவிட்டான். ஆனால் பட்டப்பெயர் நீளத்துக்காக வந்ததல்ல, வேலைக்காக வந்தது. பதினெட்டு வருஷம் பிஸ்கட் ஆலை அடுப்படியில் கடிகாரத்தின் பக்கமே திரும்பாமல், மணத்தை வைத்தே பதம் சொன்னவர். ஒரு தட்டுகூடக் கருகியதில்லை என்பார். யாரும் மறுத்ததில்லை, யாராவது கேட்டால்தானே மறுப்பதற்கு!

அந்த ஆலை மூடியதும், சோளத்தட்டையிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. அவர் பொறுப்பில் ஒரு ராட்சச குக்கர். நறுக்கிய தட்டையை அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, குக்கரில் அடைத்து, நீராவியில் வேகவிட்டு, வால்வைச் சட்டென்று திறந்தால் டமாலென்று கூழாக வந்து கொட்டும். அப்படி வெந்தால்தான் தட்டையின் இறுக்கம் விடும், என்சைம் உள்ளே புகுந்து சர்க்கரையைப் பிரிக்கும், அதைத் தின்று ஈஸ்ட் எத்தனால் தரும். ஈஸ்ட் தொட்டிக்குக் காவல் அவர் மனைவியின் தம்பி.

சுவரில் ஒட்டிய தாளில் பதினோரு நிமிஷம் என்று இருந்தது. மூக்கண்ணன் அதைச் சட்டைசெய்யவில்லை. பதினைந்தாம் நிமிஷம், மேல்குழாயில் கசியும் ஆவியில் சர்க்கரைப் பாகு முறுகும் வாசனை வரும். வந்த பிறகே திறப்பார். வளாகமே கமகமத்தது, லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி மூச்சு இழுத்தார்கள். ஈஸ்ட் மட்டும் முதல் இரண்டு தடவையும் கையை விரித்துவிட்டது.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு வந்தான். "மாமா, நீங்க ரசிக்கிறீங்களே, அது சர்க்கரை கெட்டுப்போற வாசனை. கெட்டுப்போனது என் ஈஸ்டை மயக்கம் போட வச்சிடுது."

"இவ்வளவு மணமா வர்றது எப்படிடா கெட்டதா இருக்கும்?"

"உங்களுக்கு பிஸ்கட். அதுங்களுக்கு விஷம்."

மேனேஜரம்மா அதிகம் பேசமாட்டார். "மூணாவது தடவையும் சொதப்பினா, நீங்க எடைமேடைக்குப் போயிடுங்க" என்றார்.

எடைமேடை என்றால் நாளெல்லாம் டீசல் புகையை மோந்துகொண்டு லாரி எண்ணுவது. சூட்டுப் பக்கம் நிற்காத வேலையை மூக்கண்ணன் வேலை என்றே நினைத்ததில்லை.

"தாள்ல போட்டபடி திறந்தா என்னங்க குறைஞ்சுடும்?" என்றாள் மனைவி.

"கை போக மாட்டேங்குதும்மா. மணம் வராம திறந்தா பச்சையா இறக்கற மாதிரி இருக்கு."

"அப்ப மூக்கை அடைச்சுக்கோங்க." துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது தடவை, ஏழாவது நிமிஷம், மூக்கில் மாட்டியிருந்த கிளிப் வியர்வையில் வழுக்கி எங்கோ விழுந்தது. வால்வுச் சக்கரத்துக்கு இரண்டு கையும் வேண்டும். மூக்கோ வழக்கம்போல வாசனைக்குக் காத்திருக்கத் தயாராகிவிட்டது.

"மச்சான், ஓடி வா! என் மூக்கைப் பிடி!"

ஓடிவந்தவன் ஒரு வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி, பின்னாலிருந்து கையை நீட்டி மூக்கைக் கெட்டியாகப் பிடித்தான். சரியாக அந்த நேரம் மேனேஜரம்மா உள்ளே வந்தார். ஒருவர் சக்கரத்தைப் பிடித்திருக்கிறார், அவர் மூக்கை இன்னொருவன் பிடித்திருக்கிறான், இருவரும் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"பதினொண்ணு!" என்று மச்சான் அலறினான். மூக்கண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். டமால்!

மணமே இல்லை. போச்சு, எடைமேடைதான் என்று மனுஷன் அன்று சாப்பிடக்கூட இல்லை. ஆனால் இரண்டாம் நாள் தொட்டி நுரைத்துப் பொங்கியது. மச்சான் குதித்த குதியில் அவன் செருப்பு அறுந்தது.

மறுநாள் காலை சுவரில் புதுத் தாள், மேனேஜரம்மாவின் கையெழுத்தோடு. ஐந்தாவது விதியை மூக்கண்ணன் இரண்டு முறை படித்தார்: 'வால்வு திறக்கும்வரை, உதவி ஆள் குக்கர்காரரின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடி தளரக் கூடாது.'

மச்சான் பதறினான். "மாமா, அந்தம்மா தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொன்னே, தொலைச்சுடுவேன்!"

அவர் கண் கலங்கிவிட்டது. இந்த ஆலைக்கு வந்த நாள் முதல் அவர் மூக்கை ஒருவரும் மதித்ததில்லை. இனி அதைப் பிடிக்காமல் ஒருவராலும் குக்கரைத் திறக்க முடியாது.